முன்வாசலால் போய்க் குசினி வாசலால் விழுந்தவர்கள்

ஐப்பசி மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை காலையில், ஈச்சந்துறை மேசன் இளையதம்பி வாவிக்கரைக்குப் போய் மீன் வாங்கிக்கொண்டு வந்து, தான் கட்டிய வீட்டின் முன்படியில் வலது காலை வைத்து, நிலையைத் தாண்டி உள்ளே போனார். போன கால் போய் ஊன்றிய இடம் குசினிக்குப் பின்னால், கிணற்றடியில், பாசி பிடித்த துவைகல்லுக்குப் பக்கத்தில் இருந்தது. முன்விறாந்தையையும் மண்டபத்தையும் சாமி அறையையும் அடுப்பு எரிகிற குசினியையும் அவர் காணவில்லை. நடுவில் ஒரு வீடு கிடந்ததாக அவர் காலுக்குத் தெரியவில்லை.

கிணற்றடியில் சட்டி கழுவிக்கொண்டிருந்த அவருடைய மனைவி சோதிமலர் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன, ஊட்டுக்குள்ள வராமலே பின்னால வாறீங்க?"

"முன்னாலதான் வந்தன்" என்றார் இளையதம்பி.

திரும்பவும் சுற்றிப் போய் முன்வாசலால் நுழைந்தார், திரும்பவும் துவைகல்லடியில் வந்து நின்றார். குசினி வாசலால் நுழைந்து பார்த்தார், முன்படியில் இறங்கினார். ஒன்பதாவது தடவை அவர் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்றபோது சோதிமலர் கையைக் கழுவிக்கொண்டு எழும்பி, அவர் கையிலிருந்த மீன் கோர்வையை வாங்கினாள்.

"மீனாவது உள்ள போகட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். மீன் போனது.

அன்று பொழுது சாய்வதற்குள் ஊரில் இருந்த புருசன்மார் எல்லாருக்கும் இதே கதிதான். வயலுக்குப் போனவன், தோணிக்குப் போனவன், கடைச்சந்தியில் பேப்பர் பார்க்கப் போனவன், எல்லாரும் வீட்டுக்குத் திரும்பி வந்து முன்வாசலால் போய்ப் பின்வாசலால் விழுந்தார்கள். கிராம அலுவலரான விதானையார் விசாரிக்க வந்து, அவரும் ஒரு வீட்டுக்குள் நுழைந்து கோழிக்கூட்டில் முட்டுப்பட்டு, அதன்பிறகு வேப்பமரத்தின் கீழ் கதிரை போட்டு உட்கார்ந்துதான் அறிக்கை எழுதினார். செவ்வாய் காலை காய்ச்சலில் படுத்துக் கிடந்த தபால்கார வன்னியசிங்கம் ஒருவன் மட்டும் விசயம் அறிந்து கட்டிலை விட்டு இறங்காமல் ஒன்பது நாள் உள்ளே கிடந்தான்; பத்தாம் நாள் ஒரு மாடு அவனுடைய கத்தரிக் கன்றுகளைத் தின்ன, துரத்திக்கொண்டு வெளியே ஓடினான், அத்தோடு சரி.

வீடு ஆரை ஏற்றது ஆரைத் தள்ளியது என்பதைக் கண்டுபிடிக்க ஊருக்கு இரண்டு நாள்கூடப் போகவில்லை. பெண்களைத் தள்ளவில்லை. அந்தந்த வீட்டுப் பெண்ணின் வயிற்றில் பிறந்த ஆண்களைத் தள்ளவில்லை, அவளுடைய கூடப்பிறந்தவர்களைத் தள்ளவில்லை, தாயின் சகோதரர்களைத் தள்ளவில்லை. மற்ற ஆண்களையும் கலியாணம் முடித்து வந்தவனையும் தள்ளியது. அவன் வந்து நாற்பது வருசமானாலும் தள்ளியது.

ஏன் என்று கேட்டவர்களும் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தால்தான் என்று பெண்கள் சொன்னார்கள். ஆண்கள் காலநிலை என்றார்கள். அதற்கு மேல் அந்தக் கதையை ஒருவரும் நீட்டவில்லை, ஏனென்றால் மழை வரப்போகிறது, புருசன்மாருக்குப் படுக்க இடம் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைக் கூட்டியவர் இளையதம்பி. ஈச்சந்துறையில் பிள்ளை தாயின் குடி. கோயிலில் பூசை முடிந்து குடி குடியாகப் பேர் சொல்லிக் கூப்பிடும்போது தகப்பன் ஒரு வரிசையிலும் பிள்ளைகள் தாயோடு இன்னொரு வரிசையிலும் நின்றுதான் திருநீறு வாங்குவார்கள். வீடும் வளவும் பெண்ணுக்கு. பெண் பிள்ளை நடக்கப் பழகும்போதே தகப்பனும் தமையன்மாரும் அவளுடைய வீட்டுக்குக் கல் அரியத் தொடங்குவார்கள்; அவள் கலியாணத்தன்று வீட்டுப் பூட்டின் திறப்பு அவள் கைக்குப் போகும், மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து சேர்வான், தாயும் தகப்பனும் பின்வளவில் ஒரு கொட்டிலுக்குப் போவார்கள். இளையதம்பி முப்பது வருசத்தில் நாற்பத்தொரு வீடு கட்டியிருந்தார். நாற்பத்தொன்றும் பெண்களின் பேரில். தன் வீட்டை அவர் கூலி ஆள் ஒருவரையும் கூப்பிடாமல், ஒவ்வொரு கல்லையும் தன் கையால் வைத்து, சோதிமலருக்குச் சீதனமாக வந்த வளவில், அவளுடைய தாயின் பழைய மண்வீட்டை இடித்துக் கட்டினார். இப்போது மகள் துசாந்தினிக்குக் கலியாணம் பேசுகிறார்கள். ஐம்பத்து நாலு வயதில், தான் பூசிய சுவருக்கு வெளியே ஒரு கொட்டில் போட்டுக்கொண்டு போக வேண்டும்.

அவருக்கு அதற்கு முன்னும் ஒரு காயம் இருந்தது. அவருக்குக் கூடப்பிறந்த பெண் இல்லை. தாய் செத்ததும் தாயின் வீடு ஒற்றை மகனான அவருக்கு வரவில்லை. தாயின் தங்கையின் மகள் அன்னலெட்சுமிக்குப் போனது. பெண்ணில்லாத வீடு பெண்ணிருக்கிற பக்கம் போகும் என்று கோயில் முற்றத்தில் வைத்துப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். இளையதம்பி மறுநாள் ஏணியோடு போய், அந்த வீட்டுக் கூரையில் தான் போட்ட ஓடுகளை, ஆயிரத்து நூறு ஓடுகளை, ஒவ்வொன்றாகக் கழற்றி இறக்கினார். அது கார்த்திகை மாதம், மழை. உள்ளே அன்னலெட்சுமி மூன்று மாதக் குழந்தையை மடியில் வைத்து, தலைக்கு மேல் பாயைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அது நடந்து பதினொரு வருசம். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை அவர் பேசியபோது நெஞ்சிலிருந்து பேசினார். இனிமேல் வீடு கட்டினவன் பேரில் வீடு, பெத்தவன் பேரில் பிள்ளை என்றார். அறுபத்திரண்டு ஆண்கள் கை தூக்கினார்கள். பெண்களை ஒருவரும் கூப்பிடவில்லை. செவ்வாய்க்கிழமை வீடுகள் தங்கள் பதிலைச் சொல்லிவிட்டன.

ஊர் என்றால் எதற்கும் பழகும், இதற்கும் பழகியது. முதல் கிழமை யன்னல் கம்பிக்குள்ளால் சோற்றுக் கோப்பை நீண்டது. இரண்டாம் கிழமை ஆண்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு அக்கா தங்கச்சிமாரின் வீடுகளுக்குப் போனார்கள். அந்த வீடுகள் அவர்களை ஏற்றுக்கொண்டன. அக்காவின் புருசன் தன் அக்காவிடம் போனான், அவளுடைய புருசன் தன் தங்கச்சியிடம் போனான், இப்படி ஒரு மாதத்துக்குள் ஊரே சுழன்று, அக்கா தங்கச்சி உள்ள ஒவ்வோர் ஆணும் பிறந்த வீட்டுக்குத் திரும்பியிருந்தான். மாலையில் புருசன்மார் சவரம் செய்து சட்டை போட்டுக்கொண்டு தங்கள் பெண்டாட்டிமாரைப் பார்க்க வந்து முற்றத்தில் நின்றார்கள். சில பெண்கள் வெளியே வந்தார்கள். சிலர் வரவில்லை.

வராதவர்களில் ஒருத்தி கயிற்றுக்காரன் சிவபாதத்தின் பெண்டாட்டி ராசமணி. பதினாறு வருசமாக அவன் குடித்துவிட்டு வந்து அடித்த அடியை ஊர் கேட்டிருக்கிறது. இப்போது அவன் கையை ஓங்கிக்கொண்டு முன்வாசலால் பாய்வான், ஓங்கிய கையோடு கிணற்றடியில் நிற்பான். ராசமணி யன்னலடியில் இருந்து வெற்றிலை போட்டுக்கொண்டு அதைப் பார்ப்பாள். மூன்று மாதத்தில் அவள் கன்னத்தில் சதை வைத்துவிட்டது. தகப்பன் ஆரென்று தெரியாமல் பிள்ளை பெற்ற வாவிக்கரைப் பெண்ணொருத்தியின் வீட்டில் எந்த மாற்றமும் இல்லை. அந்தப் பிள்ளைக்கு முன்னமே தாயின் குடி இருந்தது, தாயின் வீடு இருந்தது, ஆரும் தள்ளப்படுவதற்கு இல்லை.

ஆனால் ஐந்து தமையன்மாருக்கு ஒரே தங்கச்சியாகப் பிறந்த பவளக்கொடி, ஐந்து பேருக்கும் மூன்று நேரம் உலை வைத்து, ஐந்து பேரின் சாறனையும் துவைத்து, விரும்பிக் கட்டிய தன் புருசன் மதிலுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துப் பார்த்து, ஒரு நாள் அகப்பையை எறிந்துவிட்டு முற்றத்தில் இருந்து மண்ணை வாரித் தூற்றினாள். பெண் பிறக்காத வீட்டு ஆண்களும் தூர ஊர்களிலிருந்து வந்து முடித்தவர்களும் சந்தைக் கொட்டகையில் வரிசையாகப் படுத்தார்கள். அவர்களை ஊர் நாதியில்லாத ஆட்களைப் போலப் பார்த்தது. சின்னப் பிள்ளைகள் தகப்பனின் தோளில் நித்திரையாகி, வாசலில் வைத்துக் கைமாற்றப்படும்போது விழித்து அழுதார்கள். அந்த அழுகை ஒவ்வொரு வாசலிலும் ஒரே நேரத்தில் கேட்கும்.

இளையதம்பி சந்தைக் கொட்டகையில் படுக்க மறுத்தார். தான் கட்டிக்கொண்டிருந்த ஒரு புது வீட்டின் நாலு சுவருக்குள் படுத்தார். கூரை போடும் வரைக்கும் அது வீடில்லை என்பதால் அவரை ஒன்றும் செய்யவில்லை. கார்த்திகை மழை இறங்கியபோது மூன்று நாள் நனைந்தார், நாலாம் நாள் காய்ச்சல் பிடித்தது. ஐந்தாம் நாள் காலை, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, பதினொரு வருசமாகப் போகாத தெருவுக்குள் இறங்கி, தாயின் வீட்டு வாசலில் போய் நின்றார்.

அன்னலெட்சுமி இரண்டு கையாலும் நிலையைப் பிடித்துக்கொண்டு வாசலை மறித்தாள்.

"ஆரைத் தேடி வந்த?"

"என்ட தாய்ட ஊடு. வந்திரிக்கன்."

"ஓடு கழட்ட ஏணி கொண்டரல்லையா?"

இளையதம்பிக்குப் பல் அடித்தது. "காய்ச்சல்" என்றார்.

"அண்டைக்கு நனைஞ்சு என்ட புள்ளைக்கும்தான் காய்ச்சல் வந்த. பதினேழு நாள் ஆஸ்பத்திரியில வெச்சிரிந்தன். நீ வந்து எட்டிப் பாத்தயா?"

"வரல்ல."

"போ. வாவியில இடம் கிடக்கு, போய் விழு."

அவள் கதவை அறைந்து சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். தாழ்ப்பாள் தானாகக் கழன்றது. திரும்பப் போட்டாள், திரும்பவும் கழன்றது. வீட்டுக்கு அவளுடைய நியாயம் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒரே தாயின் வயிற்றுக்குத் திரும்பிப் போகும் இரத்தம் மட்டும். இளையதம்பி படியேறி, நிலையைத் தாண்டி உள்ளே போனார். அவர் கால் ஒரு வீட்டுக்குள், ஒரு சிமெந்துத் தரையில், ஊன்றி நின்றது. அவர் அப்படியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்தார். அன்னலெட்சுமி நடுமண்டபத்தில் நின்று வீட்டைப் பார்த்து, கூரையைப் பார்த்து, தூணைப் பார்த்துத் திட்டினாள். அவரைத் திட்டியதை விட வீட்டைத்தான் கூடத் திட்டினாள். அவளுடைய புருசன் பொன்னுத்துரை, நல்ல மனுசன், முற்றத்தில் உழவு மெசின் பெட்டியின் மேல் தகரம் போட்டு அதற்குள் இருந்து இந்தப் புது ஆளை யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றிலிருந்து அவர் அங்கே இருந்தார். அவள் சோற்றை வைத்தாள், வைத்த சத்தத்தில் கோப்பை அதிர்ந்தது. அவர் தின்றார். ஒரு கூரையின் கீழ் இரண்டு பேர், ஒருவரை ஒருவர் வெறுத்துக்கொண்டு, ஒருவரும் ஒருவரை வெளியே போடமுடியாமல் இருந்தார்கள்.

தை மாதம் துசாந்தினியின் கலியாணம் நெருங்கியது. மாப்பிள்ளை நிரோசன் பட்டணத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் டியூட்டரி நடத்துகிறவன், மெதுவாகப் பேசுகிறவன், இளையதம்பிக்குப் பிடித்தவன். மாப்பிள்ளை நுழையமுடியாத வீட்டைச் சீதனமாக வாங்கி என்ன செய்வது என்று அவனுடைய ஆட்கள் கேட்டு அனுப்பினார்கள். அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு இளையதம்பி தன் வீட்டு யன்னலடிக்குப் போனார். உள்ளே தாயும் மகளும், வெளியே தகப்பன், நடுவில் அவர் வாங்கிப் பூட்டிய கம்பி.

"ஊட்ட அவளுக்கு எழுதத்தான் போறன்" என்றாள் சோதிமலர். "அவன் வெளிய நிண்டா நிக்கட்டும். நாளைக்கு அவன் கைய ஓங்கினா வெளிய போறது என்ட புள்ள இல்ல, அவன்தான்."

"நான் உனக்கு எப்ப கைய ஓங்கின?"

"ஓங்கல்ல. ஓங்கினா நீங்க எங்க படுக்கிற எண்டு உங்களுக்குத் தெரியும்."

"அப்ப பயத்தில நல்லவனா இரிந்தன் எண்டு சொல்றயா?"

"எதில இரிந்தீங்களோ, நான் நிம்மதியா இரிந்தன்."

"இருவத்தாறு வருசம்! இந்தச் சுவருல ஒரு கல்லு நீ வெச்சயா? விருந்தாளி மாதிரிக் கொண்டு வந்து வெச்சிட்டு, விருந்தாளி மாதிரி அனுப்புறீங்க. மாடு கூட உழுத வயலில வைக்கோல் தின்னும்."

"கூட்டம் போட்டு என்ட தாய்ட வளவ எழுதி எடுக்கப் பாத்த மாடு நீங்கதான்."

துசாந்தினி எழும்பி வந்து இருவருக்கும் நடுவில் யன்னலடியில் நின்றாள்.

"நான் ஊட்டுக்குப் பொறந்தவளா, உங்க ரெண்டு பேருக்கும் பொறந்தவளா? எனக்கு இந்த ஊடு வேணாம். பட்டணத்தில வாடகைக்கு எடுத்து இரிக்கப் போறம். ஆருட தாய்ட ஊடுமில்ல அது. அப்பாவும் வரலாம், அம்மாவும் வரலாம்."

இருபத்தாறு வருசத்தில் முதல் தடவையாகச் சோதிமலரும் இளையதம்பியும் ஒரே பக்கம் நின்றார்கள். இருவரும் சேர்ந்து மகளைத் திட்டினார்கள். அவள் கேட்கவில்லை.

கோயிலில் தாலி கட்டி, பட்டணத்தில் ஒரு புடைவைக் கடைக்கு மேல்மாடியில் குடிபோனார்கள். மாசி மாதம் இளையதம்பி ஒரு வாழைக்குலையோடு போனார். வாசலில் நின்று, விழுந்தால் பிடிக்க ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு காலை வைத்தார். கண்ணைத் திறந்தபோது உள்ளே நின்றார். மகள் கதிரை போட்டாள். மகளுடைய வீட்டுக்குள் மகள் கையால் தேத்தண்ணி குடித்துக்கொண்டு, சுவரைத் தட்டிப் பார்த்து, "பூச்சு சரியில்ல" என்று சொல்லி, சிரித்து, அன்றைக்கு அவர் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் தன் கட்சி வென்றதாகவே நினைத்துக்கொண்டு வந்தார்.

சித்திரை கழிந்து இரண்டாம் தடவை போனபோது துசாந்தினி மாடிப்படியில் இருந்தாள். பக்கத்தில் ஒரு பை. கீழே கடைக்காரர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன மகள்?"

"ஊருக்குப் போய் அம்மாவப் பாத்திட்டு வந்தன். சொல்லாமப் போன எண்டு பூட்டிற்றார். நேத்தையில இரிந்து."

"ராவு எங்க இரிந்த?"

அவள் தான் இருந்த படியைத் தொட்டுக் காட்டினாள்.

இளையதம்பி கதவைத் தட்டினார். உள்ளேயிருந்து நிரோசன் அதே மெதுவான குரலில் சொன்னான்: "மாமா, இது என்ட பேரில எடுத்த வீடு. ஆர் வாற, ஆர் போற எண்டு நான்தான் சொல்லோணும். அவவுக்கு அது விளங்கட்டும்."

அந்தக் கதவின் பிணைச்சல் எத்தனை அடியில் கழலும் என்று மேசனுக்குத் தெரியும். கை அதற்குப் போனது. மகள் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேணாம் அப்பா. உடைச்சாலும் அது அவர்ட கதவு."

இருவரும் பஸ் ஏறினார்கள். ஈச்சந்துறையில் இறங்கி, மகளின் பையைத் தான் தூக்கிக்கொண்டு, சோதிமலரின் வீட்டு முற்றம் வரைக்கும் கூட்டிக்கொண்டு போனார். அவள் படியேறினாள், நிலையைத் தாண்டினாள், உள்ளே போனாள். பையை அவர் வாசலுக்குள் தள்ளிவிட்டு, தன் கையை வெளியே எடுத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் முற்பகல் நிரோசன் தமையனோடு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். பெண்டாட்டியை இழுத்துக்கொண்டு போக வந்தவன் விறுவிறு என்று முன்வாசலால் பாய்ந்தான். பாய்ந்த வேகத்திலேயே கிணற்றடியில் வந்து வாளியில் தடக்கி விழுந்தான். எழும்பிச் சுற்றி ஓடினான், திரும்பவும் விழுந்தான். மூன்றாவது தடவை அவன் விழுந்து நிமிர்ந்தபோது முன்னால் இளையதம்பி நின்றார். கையில் ஒன்றும் இல்லை, சுண்ணாம்பு தின்று காய்த்த கை மட்டும்.

"மாமா, வீடு கட்டினவனுக்கு, புள்ள பெத்தவனுக்கு எண்டு சனத்தக் கூட்டிச் சொன்ன நீங்கதானே?"

"நான்தான். இப்பவும் இந்த ஊடு நான் கட்டின ஊடுதான், எனக்கு அதில இடமில்ல, அந்த எரிச்சல் என்னோட சுடலைக்கு வரும்." இளையதம்பி அவனுடைய சட்டைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கினார். "ஆனா என்ட புள்ளய ராவெல்லாம் படியில இரித்தின உனக்கு நான் இத விளங்கப்படுத்திக்கொண்டிரிக்க ஏலா. போ. திரும்பி வந்தா நுழையப் பார், ஊடு உன்னத் தள்ளும். தள்ளின இடத்தில நான் நிப்பன்."

நிரோசன் ஓடிப்போய்ப் பின்னால் ஏற, தமையன்காரன் மோட்டார் சைக்கிளை முறுக்கிவிட்டான். புழுதி அடங்கும்போது யன்னலில் சோதிமலரின் முகம் இருந்தது.

"அண்டைக்கே சொன்னன்" என்றாள்.

"வாயப் பொத்து."

"பொத்த மாட்டன். என்ட தாய்ட ஊடு இல்லாட்டி இண்டைக்கு உங்கட மகள் எங்க?"

அவரிடம் பதில் இருந்தது. பெண்ணைப் பெற்றால் இந்த வீடு, பெறாமல் போன என் தாய்க்கு என்ன என்று கேட்டிருக்கலாம். நாற்பத்தொரு வீடு கட்டியவன் சாகப்போகிறது ஆருடைய விறாந்தையில் என்று கேட்டிருக்கலாம். உள்ளே மகள் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்த நிழல் சுவரில் தெரிந்தது. சோதிமலர் யன்னலைச் சாத்தினாள்.

வெயில் உச்சிக்கு ஏறியபோது அவர் தன் தாயின் வீட்டுக்கு நடந்தார். கதை அவருக்கு முன்னமே தெருவால் போய்ச் சேர்ந்திருந்தது. அன்னலெட்சுமி சோற்றுக் கோப்பையைக் கொண்டுவந்து அவர் முன்னால் தரையில் போட்ட மாதிரி வைத்தாள். போகாமல் நின்றாள். அவர் சோற்றில் கையை வைத்துக்கொண்டு பிசையாமல் இருந்தார்.

"புள்ள உள்ளயா?" என்று கேட்டாள்.

"உள்ள."

"அப்ப தின்னு" என்றாள் அன்னலெட்சுமி.